ஒரு நிமிடம் ஓடிய கார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஞானதுரை சார் போய்விட்டார். காலையில் பேப்பரை மடித்து வைத்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் காரை வைத்துக்கொண்டு இனி ஒற்றை ஆளாக என்ன செய்வது என்ற அலுப்புதான் முதலில் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவரைப் பற்றி எழுதும்போது பொய் வரமாட்டேன் என்கிறது.

அவரிடம் இயற்பியல் படித்தவர்களுக்கும், எங்கள் மிஷன் பள்ளியில் அவரோடு டீ குடித்தவர்களுக்கும் அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. "நட்ட அவசரப்பட்டு முறுக்குனா மரை போயிரும்ப்பா" என்பார். பரீட்சைக்கும் அதுதான், பெண் பார்க்கப் போகிறவனுக்கும் அதுதான். நான் அங்கே தமிழாசிரியர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு நான் தமிழய்யாதான்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி சரோஜா இறந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இவரோ பதினாறாம் நாள் முடிந்து வந்த சனிக்கிழமை வாசலில் நின்று, "சட்டைய மாட்டுங்கய்யா, வாடிப்பட்டி வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றார். அங்கே மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குள் அந்தக் கார் நின்றது. துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிட்டுத் திறந்தபடி ஓட்டுகிற அந்தக் காலத்துக் கார். துணி மக்கிப்போய்க் கம்பிகள் மட்டும் இருந்தன. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"மதுரை வெயிலுக்குத் திறந்த காரா சார்? மண்டை காஞ்சுராதா?" என்றேன்.

"ஓடுனாத்தானய்யா காயும்? அதுக்கு எம்புட்டு நாளாகுமோ" என்றார். வாங்கியும் விட்டார்.

அதற்குப் பிறகு என் சனிக்கிழமைகள் அவர் வீட்டுக் கொட்டகையில் போயின. எனக்குக் கார்மேல் எந்த ஆசையும் கிடையாது. மண்ணெண்ணெயில் துருவைக் கழுவினேன். ஆரப்பாளையம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அவர் பின்னால் அலைந்தேன். முதுகு விட்டுப்போனது. அவர் போவதற்கு எட்டு மாதத்துக்கு முன் ஒருவழியாக என்ஜின் பிடித்தது. சரியாக ஒரு நிமிடம் ஓடி அணைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை. "இந்தச் சனியனை எடைக்குப் போட்டுருங்க சார்" என்று எரிந்து விழுவேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த வாரம் பாப்போம்யா" என்பார்.

போன சனிக்கிழமை அங்கே போனேன். வண்டி ஓடியதும் விற்றுவிடலாம் என்று வெளிநாட்டிலிருக்கும் அவர் மகன் சொன்னானாம். சாரின் மனைவி கிரேஸ் அம்மா டீயைக் கொடுத்துவிட்டுக் காரைப் பார்த்தார்.

"அண்ணே, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? பெட்ரோல் குழாயில ஒரு நட்டு இருக்குல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலமானா அத லூசாக்கி விட்ருவாரு. ஏன் இப்படிப் பண்றீகன்னு கேட்டா, 'ஓடிருச்சுன்னா தமிழய்யா சனிக்கிழமை எங்க போவாரு'ம்பாரு."

கோபம் வந்தது. எட்டு மாதம் என் முதுகை வைத்து விளையாடியிருக்கிறார். யாரிடம் சண்டை போடுவது? அப்போதுதான் அழுதேன். அந்த நட்டைத் தேடிக் காருக்கடியில் படுத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

சார் எனக்கென்று கொடுத்திருந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் அந்த நட்டை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரு நிமிடம் ஆனது, ஐந்து நிமிடம் ஆனது. அணையவில்லை. சத்தம் கேட்டு கிரேஸ் அம்மா கொட்டகை வாசலுக்கு வந்தார். கையில் இரண்டாவது டீ இருந்தது.

"அப்ப முடிஞ்சிருச்சாண்ணே?" என்றார். சந்தோஷப்படுகிறவர் குரல் இல்லை அது. அவருக்குப் பின்னால் அந்த வீடு ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது.

என்ஜினை நிறுத்தினேன். ஞானதுரை சாருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஸ்பேனர் ஒன்றுதான். அதை எடுத்து, கிரேஸ் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடி காருக்கடியில் நுழைந்து நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன்.

"இல்லம்மா, இன்னும் சரியாப் பிடிக்கல. அடுத்த சனிக்கிழமை வாரேன்."

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்கண்ணே" என்றார். "இஞ்சி தட்டிப் போட்டு வைக்கிறேன்."