பொட்டுக்கு அடியில் இருந்த விரிசல்

முடிச்சூர் ரோட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. முப்பது வருஷத்துக்கு மேலே ஆகுது. படிப்பு அஞ்சாங்கிளாஸோடு சரி. ஆனால் வீல் கோட்டம் எடுக்கிறதில் தாம்பரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

1. வாய் விட்டது

தேவிகா சேலையூரில் பள்ளிக்கூட டீச்சர். வளைந்த ஹேண்டில் வைத்த பழைய ரோடு பைக் ஓட்டுவாள். இரும்பு பிரேம், பச்சை கலர். இதற்கு முன்னால் ரெண்டு தடவை என்னிடம்தான் சர்வீஸுக்கு விட்டாள். ஒரு திங்கட்கிழமை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"பவுனக்கா, ஞாயித்துக்கிழமை எங்க குரூப்போட மாமல்லபுரம் போய்ட்டு வரணும். நூறு கிலோமீட்டர் கிட்ட வரும். ஆறு மாசமா காலைல எழுந்து பழகிட்டிருக்கேன். இவர் என்னடான்னா புதுசு வாங்குன்னு உயிரை எடுக்கறார்."

"அக்கா, நீங்களே பாருங்க, எல்லாம் ஆடுது" என்றார் புருஷன் சுரேஷ்.

செயின் தேய்ந்திருந்தது. பெடல் நடுவில் பேரிங் ஆட்டம். பின் வீல் கோட்டம். பிரேக் கேபிள் நைந்துபோய் இருந்தது. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

"இன்னா தம்பி, பொண்டாட்டிக்கு பல்வலி வந்தா வேற பொண்டாட்டி கட்டிக்குவியா? இது இன்னும் பத்து வருஷம் ஓடும். பவுனு சொல்றேன். விட்டுட்டுப் போ."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். தேவிகாவுக்கு முகமெல்லாம் பல். எனக்கும் குஷி.

2. டிக், டிக்

புதன்கிழமைக்குள் எல்லா வேலையும் முடிந்தது. வியாழக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம், நானேதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோடு பைக் ஓட்டுகிற கிழவியைப் பார்த்து மாநகர பஸ்ஸே ஒதுங்கும்.

எழுந்து நின்று மிதித்தால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். பேரிங் புதுசு. செயின் புதுசு. சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். ஸ்போக்ஸ் எல்லாம் தட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே கீது.

கை வைக்காத இடம் ஒன்றுதான் பாக்கி. ஹேண்டிலுக்குக் கீழே, சாய்ந்து இறங்குகிற பைப் சேரும் இடத்தில் ஒரு பொட்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, அடை மாதிரி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாமிப் பொட்டை அழிக்கக்கூடாது என்று அவள் விட்டுவைத்திருக்கிறாள். நான் மட்டும் என்ன? ரெண்டு சர்வீஸிலும் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு, அதைத் தொடாமல் விட்டவள்தான். எங்கள் கடையில் அப்படித்தான் பழக்கம்.

மனசுக்குள் மன்னிப்பு கேட்டுக்கொண்டு ஈரத் துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். அடியில் பெயின்ட் பொங்கியிருந்தது. சுரண்டினால் துரு. துருவுக்கு நடுவில் முடி மாதிரி ஒரு கோடு, பைப்பைப் பாதி சுற்றி ஓடியது. மழைத் தண்ணி சந்தனத்தில் ஊறி உள்ளேயே நின்றிருக்கிறது.

கொஞ்ச நேரம் பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊரைக் கூட்டி பத்து வருஷம் என்று சொன்ன வாய் இது. பேசாமல் கொடுத்தாலும் ஞாயிறு வரைக்கும் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். பாலத்தில் இருந்து வேகமாக இறங்கும்போது வண்டியின் அந்தக் கழுத்து விட்டுப்போனால், அவள் பல்லை யார் திருப்பிக் கொடுப்பது?

3. போன்

"கண்ணு, ஞாயித்துக்கிழமை இதுல போவாத. பிரேம் வுட்டுப்போச்சு."

"வெல்டிங் வெக்க முடியாதாக்கா?"

"பைப்பு தகடு மாதிரி மெலிசும்மா. இங்க ஒட்டினா பக்கத்துல பிளக்கும். உன் உயிர வெச்சி நான் சோதனை பண்ண மாட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"தம்பி கைல போனைக் குடு" என்றேன். அவர் வாங்கினார். "தம்பி, நீ சொன்னதுதான் கரெக்டு. நான் பார்க்காம பேசிட்டேன்."

"அக்கா, இதை எழுதிக் குடுத்தீங்கன்னா வீட்ல பிரேம் போட்டு மாட்டிக்கறேன்" என்றார்.

"பிரேம் பேச்சையே எடுக்காத!"

தேவிகா அழுதுகொண்டே சிரிப்பது எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை புதுசு வாங்கி நேராக என் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புது சீட்டில் நூறு கிலோமீட்டர் போனால் திங்கட்கிழமை கிளாஸில் உட்கார முடியாது. அதனால் பழைய சீட்டையும் பெடலையும் கழற்றிப் புதுசில் மாட்டினேன். பழைய வண்டியில் சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து, அதே அளவுக்கு ஏற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு போன். "அக்கா, மாமல்லபுரத்துல இட்லி சாப்ட்டுட்டிருக்கேன்!"

"சாப்ட்டது போதும், வெயிலுக்கு முன்ன திரும்பு" என்றேன்.

இப்போதெல்லாம் ரிப்பேரா, புதுசா என்று யார் வந்து கேட்டாலும், "வண்டிய வுட்டுட்டுப் போ, நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன். முதலில் பிரேமைக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, அப்புறம்தான் பேச்சு. அவசரக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். கோட்டம் எடுக்க என்னிடம்தான் வரணும்.