ஓம் சொல்லப் பழகியது

கஹவத்தையில் அவர் வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் வீட்டு வாசலை அடைவதற்குள் நூறு தடவையாவது “ஓம்” சொல்லிப் பார்த்திருப்பேன். நானும் அவரும் ஒரே பாடசாலையில் ஆசிரியர்கள். என்னைப் பார்க்கவென்றே யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாய் வந்திருந்தார். எங்கள் கல்யாணம் அந்த அம்மா வாயில்தான் இருந்தது.

“ஆமாங்க எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். ஓம் எண்டு சொல்லும். நீர் தோட்டம் இல்லை, ரத்தினபுரி டவுன் எண்டுதான் அம்மாட்டச் சொல்லி வச்சிருக்கிறன்” என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதற்குத் தலையாட்டிய என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

என்ன சொல்லடா அது! எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசாரி ஓம் என்றால் கை தானாகக் கும்பிடும். பஸ்ஸில் கண்டக்டர் சிங்களத்தில் “ஓம இன்ன” என்றால் அப்படியே நில் என்று அர்த்தம். நான் படிப்பிக்கும் விஞ்ஞானத்தில் ஓம் என்பது மின்தடையை அளக்கும் அலகு. அவர்கள் ஊரில் அது வெறும் ஆமாம். அந்த ஆமாம்தான் என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

ஆனாலும் சமாளித்தேன். “பஸ்ஸிலயோ வந்தனீர்?” ஓம். “கோயிலுக்குப் போறனீரோ?” ஓம். “நல்ல பிள்ளை” என்று அந்த அம்மா மகனிடம் சொன்னார். எனக்கோ உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு முற்றத்துக்கு இறங்கினோம். பாதையோரம் வீட்டுக்காரரின் தேயிலைச் செடிகள், தளதளவென்று கொழுந்து. பேசிக்கொண்டே நடந்தேன். அந்த அம்மா சட்டென்று நின்று எனக்குப் பின்னால் தரையைப் பார்த்தார். நானும் திரும்பினேன். ஐயோ! பாதையெல்லாம் கொழுந்து. இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குத் தோளுக்கு மேலால் வீசிக்கொண்டே வந்திருக்கிறேன். லீவு நாளெல்லாம் என் அம்மாவோடு மலையில் கொழுந்தெடுத்த கை. அதற்கு யார் ஓம் சொல்லிக்கொடுத்தார்கள்?

“பிள்ளை, உம்மட ஆக்கள் தோட்டமோ?”

“ஆமாங்க. றக்வானப் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கோம். எங்கம்மா இன்னைக்கும் கொழுந்தெடுக்கத்தான் போயிருக்காங்க.”

அப்பாடா என்றிருந்தது. அந்த அம்மா மகனைத்தான் கேட்டார்: “தம்பி, உனக்கு இது முந்தியே தெரியுமோ?”

நான் மகன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு ஓம் போதும் எனக்கு. அவர் கீழே கிடந்த கொழுந்தைச் செருப்பால் ஓரத்துக்குத் தள்ளினார்.

“தெரியாதம்மா” என்றார்.