சிலேட்டில் எழுதிய கஞ்சி

மலாய் நாட்டில், உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் ஐயாசாமிக்கு ஆறு வருஷமாகச் சமையல் வேலை. காய்ச்சல் ஆட்டிப்படைத்த 1915இல் அங்கே கட்டில் காலியாகக் கிடந்ததே இல்லை.

ஐயாசாமிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லின் உருவம் மட்டும் அத்துப்படி. நோயாளியின் தலைமாட்டுச் சிலேட்டில் அது ஏறினால் அந்த ஆளுக்குச் சோறில்லை, கஞ்சி. கஞ்சிக்குப் போனவர்களில் பாதிப்பேர் எழுந்து நடந்ததில்லை. அது சாவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று அவனே முடிவுகட்டி, கூலிகள் குடியிருந்த லயம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

அந்த ஐப்பசியில் காய்ச்சல் அவனையே பிடித்தது. அடுப்பை மனைவி பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தவன் தலைமாட்டைப் பார்த்தான். அதே எழுத்து.

பேச்சியம்மாள் தகரக் குவளையை நீட்டியபோது பல்லை இறுக்கிக்கொண்டான். “சோறு குடு புள்ள. இதக் குடிச்சா நான் செத்துருவேன்.”

பொழுது சாயும்வரை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. பேச்சியம்மாள் அழுதுகொண்டே, ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸரைக் கூட்டிவந்தாள்.

டிரெஸர் சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர், முன்கோபி. “அதில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ உனக்கு? கஞ்சி! எங்கட கஞ்சிதானடா. போர்த்துக்கீசன் எங்கட கரைக்கு வந்து குடிச்சுப் பழகி, சொல்லையும் கொண்டு போனான். இங்கிலீசுக்காரனும் அதையே எடுத்துக்கொண்டான். இஞ்ச மலாய்க்காரன் துணிக்குப் போடுற பசையும் கஞ்சிதானே? சாவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. குடி!”

வெட்கம் வந்தது, பயம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். உப்பில்லை. அடிப்பிடித்த நாற்றம். வெறும் தண்ணீரில் நாலு பருக்கை.

“என்ன புள்ள இது? மனுசன் குடிப்பானா?”

பேச்சியம்மாள் விழித்தாள். “நீங்க காய்ச்சுற மாதிரியேதான் காய்ச்சினேன். சாவப்போறவனுக்கு உப்பு எதுக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

ஐயாசாமி பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தான். இரண்டு குவளைகள் தொடாமலே இருந்தன. ஆறு வருஷத்தில் இப்படி எத்தனை! இந்தத் தடவை அவனுக்குத் தன்னைக் கண்டே பயம்.

“அவங்களுக்கு மொதல்ல வேற காய்ச்சு புள்ள,” என்றான். “உப்புப் போட்டு.”