கிண்ணியாக் கானில் ஒரு துண்டுச் சீலை

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீற்றர் ஓடிவந்த பேருந்து என்னைத் திருகோணமலையில் இறக்கியபோது பிற்பகல் மூன்று மணி. நிலையத்துக்கு வெளியே முச்சக்கர வண்டியுடன் பஸீலா காத்திருந்தாள். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவளுடைய சொந்த ஊர் கிண்ணியா. இப்போது ஊர்களின் கழிவுநீரில் நோய்க்கிருமிகளைத் தேடுவது அவளுடைய வேலை.

"கோணேசர் கோயில், வெந்நீரூற்று எல்லாம் நாளைக்குப் பின்னேரம் பாக்கலாம். காலையில என்னோட வேலைக்கு வா. மணக்கும், சம்மதமா?" என்றாள்.

"ஓம்" என்றேன். அவள் சொன்ன அந்தப் பின்னேரம் கடைசிவரை வாய்க்கவில்லை.

வண்டியை ஓட்டியவர் மோகன், சல்லி என்ற கரையோர ஊரைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பத்தில் மற்ற எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். "நானும் முந்தி வலை போட்டனான் அக்கா. இப்ப மிஸ்ஸோட சேந்து கானில போடுறன்" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சொன்னதன் பொருள் மறுநாள் காலையில் விளங்கியது. ஆறரை மணிக்கு உட்துறைமுக வீதியில் நின்றோம். எதிரே மலைகளுக்கு நடுவே துறைமுகம் கண்ணாடிபோல் கிடந்தது. இரண்டு கப்பல்கள் அசையாமல் நின்றன. எங்கள் காலடியில் வீதியோரக் கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால், கடலோடு சேரும் இடம். மோகன் கையுறை மாட்டிக்கொண்டு, மீன்பிடிக்கும் தங்கூசி நூலொன்றை இழுத்தார். அதன் நுனியில் காயத்துக்குக் கட்டும் வலைச்சீலை, மடித்த கைக்குட்டை அளவில், கரிய சேற்று நிறமாகி வந்தது. பஸீலா அதைப் பையில் போட்டு முடிந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். மணம் தாங்காமல் நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரிய நகரங்களில் எல்லா வீட்டுக் கழிவும் குழாய் வழியாக ஓரிடத்துக்கு வரும். அங்கே ஒரு போத்தலில் எடுத்தால் போதும். இங்கே அநேகமான வீடுகளுக்கு மலசலகூடக் குழிதான். குழியிலிருந்து கசிவதும் வழிவதும் கழுவிய தண்ணீரோடு கானில் கலக்கின்றன. அதனால் சீலையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுகிறார்கள். ஓடுகிற தண்ணீரில் உள்ள கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். செங்கண்மாரி என்றால், கண் மஞ்சளாகும் முன்பே நோயாளியின் மலத்தில் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். நோய் தெரியாமல் நடமாடுகிறவர்களிடமிருந்தும் அது வரும்.

"நோய் வருத்தம் ஆஸ்பத்திரிக்குப் போக முதல் கானுக்குப் போயிடும். அத நாம பாத்துக்கிட்டா சரி" என்றாள் பஸீலா.

பாலையூற்றில் இன்னொரு சீலையை எடுத்துக்கொண்டு, சீனன்குடா தாண்டிக் கிண்ணியாவை நோக்கிப் போனோம். நகரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஒருகாலத்தில் பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றும் மிதவைப் படகில், கடந்த நீரின் மேல் இப்போது நீண்ட பாலம் கிடக்கிறது. அதுவரை கதைத்துக்கொண்டே வந்த பஸீலா பாலத்தில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன என்று கேட்டேன்.

போன வாரம் கிண்ணியாவில் ஒரு கானில் எடுத்த சீலையில் செங்கண்மாரியை உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருந்திருக்கிறது. ஈரலைத் தாக்குவது, கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தைத் தரக்கூடியது. முடிவைச் சுகாதார அதிகாரிக்கு அறிவித்துவிட்டாள். அது பற்றிய கூட்டம் மறுநாள் பிற்பகல்தான். அதுவரை ஊரில் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அந்தக் கானடிக்குப் போனபோது தங்கூசியின் அரைவாசிதான் இருந்தது. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் நேரான வெட்டு. சீலையைக் காணவில்லை.

"தேடாதீங்க, நான்தான் வெட்டின" என்று ஒரு குரல் கேட்டது.

எதிர்வீட்டு வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றார். கழுத்தில் அளவு நாடா. பின்னால் யன்னலோரம் தையல் மெசின். பெயர் றிஸானா என்று பிறகு அறிந்தேன்.

"கொரோனாக் காலத்துல எங்கட வாசல்ல தாள் ஒட்டினாங்க. தாளக் கழட்டின பொறகும் எத்தின மாசம் ஒருத்தியும் சட்டை தைக்க வரல்ல. இப்ப கான்ல சீலை கட்டுறீங்க. நாளைக்கு என்னத்த ஒட்டுவீங்க?"

அப்போது உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்து கதவோரம் சாய்ந்தாள். றிஸானாவின் மகள். நிறைமாத வயிறு. கையில் கோப்பை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பஸீலாவின் கண் அந்தக் கோப்பையை விட்டு அகலவில்லை.

"ராத்தா, தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிக்கக் குடுங்க" என்றாள், அக்காவைக் கூப்பிடுவதுபோல்.

"ஏன்?"

பஸீலா என்னைப் பார்த்தாள். பிறகு மோகனைப் பார்த்தாள்.

"இந்தக் கான்ல செங்கண்மாரிக் கிருமி கண்டிருக்கம். வயித்துல புள்ளையோட இரிக்கிறவங்களுக்கு அது கூடாத வருத்தம். எந்த வீடு எண்டு எனக்குத் தெரியா ராத்தா. இந்தச் சீலையால கண்டுபிடிக்கவும் ஏலாது. இந்த ரோட்டுத் தண்ணி எல்லாம் ஒண்டாச் சேந்துதான் வருது."

றிஸானா கானை எட்டிப் பார்த்தார். பிறகு, "நீங்க யாருட மகள்?" என்று கேட்டார்.

"ஹமீதா டீச்சரிட மகள்."

"டீச்சருக்கு நான் தைச்சுக் குடுத்திரிக்கன்" என்றபடி மகளின் கையிலிருந்த கோப்பையை வாங்கிச் செவ்வரத்தை மரத்தடியில் ஊற்றினார். "கட்டுங்க. இனி வெட்ட மாட்டன். ஆனா எங்கட வாசலுக்கு நேரே வேணாம். அந்த மதகடியில கட்டுங்க."

மோகன் அந்தச் சிறு வீதிப் பாலமான மதகின் அடியில் புதிய சீலையைக் கட்டினார்.

வண்டியில் ஏறியதும் பஸீலா புலம்பத் தொடங்கினாள். "சொல்லியிருக்கக் கூடாது. ரோடே பயந்து போச்செண்டா? ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படத் தொடங்கினா? பொறகு எந்த ஊர்ல எங்கள விடுவாங்க?"

"சொல்லாம வந்திருந்தா, மிஸ்?" என்றார் மோகன்.

பாலத்துக்கு இப்பால் பஸீலா வண்டியை நிறுத்தச் சொல்லி, அதிகாரியைத் தானே அழைத்து, செய்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் ஏசியது எனக்கும் கேட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர், கூட்டம் வரை பார்த்திருக்க முடியாது, நாளைக் காலையிலேயே ஆட்களை அனுப்புகிறேன் என்றார்.

பிற்பகல் பேருந்து நிலையத்தில், கண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டிய ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு நின்றபோது பஸீலாவின் தொலைபேசி அடித்தது. பேசியது றிஸானா. டீச்சரிடம் இலக்கம் வாங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கையின் கணவருக்குச் சில நாட்களாகக் காய்ச்சலாம். கண்ணும் மஞ்சளாம். சாப்பாட்டுக் கடையில் சமைப்பவர். கடையைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து கிடந்திருக்கிறார். றிஸானா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்.

"எந்த வீடு எண்டு நீங்க கேக்கல்லத்தானே" என்றாராம். "அதாலதான் சொல்றன்."

பஸீலா நிலையத்துச் சீமெந்து வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மோகன் மூன்று பிளேன்ரீ வாங்கி வந்தார்.

அடுத்த நாள் காலை சுகாதாரப் பரிசோதகர்கள் வந்தார்கள். வீதியின் இரு பக்கமும் ஒரு வீட்டையும் விடாமல் எல்லாக் கிணறுகளுக்கும் குளோரின் போட்டார்கள். எந்த வாசலிலும் எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் இரண்டு வீட்டார் கதவைத் திறக்க மறுத்தார்கள். றிஸானா போய்ப் பேசியபோது ஒரு வீடு திறந்தது. மற்றது திறக்கவே இல்லை. றிஸானாவின் மகளின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, முடிவு வரும் முன் நான் புறப்பட வேண்டியிருந்தது. வவுனியாவில் பேருந்து நின்றபோது பஸீலாவின் செய்தி வந்தது: மகளுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, திரும்பவும் பார்க்க வேண்டும். தங்கையின் கணவர் தேறிவருகிறார். மதகடிச் சீலையில் கிருமி இன்னும் இருக்கிறது. கடைசி வரியை நான் பலமுறை வாசித்தேன். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனதால் முடிந்துவிடும் காரியமல்ல அது. அந்தக் கதவு திறக்காத வீட்டையும் சேர்த்துத்தான் அந்தக் கான் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "என்ன, கோணேசர் கோயிலுக்குப் போனனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகு என்னத்தைப் பாத்தனீர்?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பின்வளவுக்குப் போனார், நானும் போனேன். எங்கள் கிணறு. அதிலிருந்து சற்றுத் தள்ளி, தென்னைக்குக் கீழே எங்கள் குழி. இடையில் எவ்வளவு தூரம் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் நிலமோ சுண்ணாம்புக்கல். ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவில் ஊறும். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் கிணறு இருப்பது தெரியும். அவர்களுடைய குழி எங்கே என்று தெரியாது. அதை அவர்கள் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்று நின்று யோசித்தேன்.

பிறகு மதிலடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்ததும், முதலில் எங்கள் குழி எங்கே இருக்கிறது என்று சொன்னேன்.