நான் ஃப்ரீயாக இருந்த வருடம்

பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் வீட்டோடு இருந்த அந்த ஒரு வருடத்தில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. நான் ஃப்ரீ. எதிர்வீட்டு அக்கா, "நீ ஃப்ரீயாத்தானே கீற, பாப்பாவ கொஞ்சம் பாத்துக்கோ" என்று குழந்தையை என் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவார். ரேஷன் வரிசைக்கு நான். மாடிவீட்டுப் பையனுக்குக் கணக்கு சொல்லித்தர நான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் தெருவுக்கு அது நான்தான்.

சோப்போடு தரும் ஷாம்பு பாக்கெட்டும் ஃப்ரீதான். அதையாவது சோப்பு வாங்கியவர் மட்டும்தான் எடுத்துப்போவார்.

பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. காலை பதினொரு மணி. எனக்கென்று வந்த முதல் அழைப்பு அது. இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தோம். "ஃபிட்டா தைக்கட்டுமா?" என்று தையல்காரர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "ஃப்ரீயாவே தைப்பா" என்றாள் அம்மா.

இன்டர்வியூ நாள் பார்த்து கேஸ் சிலிண்டர் வரும் என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பத்து நாளாக மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். வீடு பூட்டியிருந்தால் சிலிண்டர் திரும்பிப் போய்விடும். அப்புறம் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஆபீஸ். அம்மாவுக்குப் பெருங்களத்தூரில் ஒரு வளைகாப்பு.

"பத்து மணிக்கெல்லாம் வந்துடும்டி. வாங்கி வெச்சிட்டுப் போ. நீ ஃப்ரீதானே?"

"எனக்கு இன்டர்வியூ இருக்கும்மா."

"அது பதினோரு மணிக்குத்தானே!"

புடவை கட்டி, சர்டிபிகேட் பைலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பத்து ஆயிற்று. பத்தரை. சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்தேன். ஒருமுறை தபால்காரர், ஒருமுறை பழைய பேப்பர்காரர். பூட்டு கையிலேயே இருந்தது. பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேல்தான் எரிச்சல் வருகிறது. பன்னிரண்டு மணிக்குப் புடவையோடு தரையில் படுத்து அழுதேன். சிலிண்டர் அன்று வரவே இல்லை.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த அப்பா, வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னம்மா? மனசுல இருக்கறத ஃப்ரீயா சொல்லு."

சொன்னேன். "நாளைக்கு சிலிண்டருக்கு நீங்க லீவு போடுங்கப்பா. நான் அந்தக் கம்பெனிக்குப் போய் இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீஸ்ல வேலை இருக்கேம்மா. நீதானே..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சமையலறையில் ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அம்மா மீதியைச் சொல்லி முடித்தாள்.