காரெட் வோஸ்பர்க்கின் இடது கை

காரெட் வோஸ்பர்க் குடித்துவிட்டு ஆடினான் என்று எங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதியது. பச்சைப் பொய். அவன் பீர்கூடத் தொட்டதில்லை. அவனோடு ஒரே அணியில் ஆடியவன் நான்.

மொஹாக் ஆற்றங்கரையில் கம்பள ஆலை ஊர் எங்களுடையது. ஆலையில் சாயத்தொட்டி கிளறிக்கொண்டிருந்த காரெட்டை 1906இல் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடக் கூட்டிவந்தார் எலிஹு பிராட். நாங்கள் ஆடிய நடனக்கூடமும் அணியும் அவருடையவை. அந்தக் காலத்தில் ஆடுகளத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி வலை இருக்கும். பந்து வெளியே போகாது. எங்களாலும் போக முடியாது. வெளியூரில் பெண்கள் தொப்பி ஊசியை வலைக்குள் விட்டு எங்கள் தொடையில் குத்துவார்கள். ஆண்கள் எரியும் சுருட்டு நுனியால் சுடுவார்கள்.

எதிரணி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கும் எறிகளை அணிக்கு ஒருவனே எறிவான். எங்களுக்கு காரெட். இரண்டு கைகளாலும் பந்தை முழங்கால்வரை இறக்கி, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கிவிடுவான். தவறவே தவறாது.

1909 ஜனவரியில் கிழக்கு மூலையில் வலை பிய்ந்து, கம்பி முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. காரெட் முதலாளி பிராட்டிடம் போனான். நானும் பக்கத்தில் நின்றேன்.

"சார், அந்த மூலைய இன்னைக்கே சரி பண்ணிடுங்க. எவன் கண்ணாவது போயிடும்."

பிராட் சிரித்தார். "ரத்தம் பாக்கத்தான்யா ஜனம் டிக்கெட் வாங்குது. பயமா இருந்தா சாயத்தொட்டிக்கே திரும்பிப் போ."

அந்தச் சனிக்கிழமையே எதிரணித் தடியன் ஒருவன் காரெட்டை அதே மூலையில் கொண்டுபோய் மோதவைத்தான். வலது உள்ளங்கையில் கம்பி ஏறியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை ஆடினான். பத்து நாளில் கை கறுத்து வீங்கியது. மருத்துவர் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார். பிராட் போய்ப் பார்க்கவில்லை. சீருடையைத் திரும்ப வாங்கிவர ஆள் அனுப்பினார். குடிபோதையில் அவனே கம்பியில் விழுந்தான் என்ற கதை பத்திரிகையில் வந்தது மறுநாள்.

காரெட்டின் மனைவி ஹில்டா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"முதலாளி பேசினப்போ நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? பத்திரிகை ஆபீசுக்கு வந்து அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"இந்த சீசன் முடியட்டும், ஹில்டா."

"உங்களுக்குப் பத்து விரலும் இருக்குல்ல. நல்லா இருங்க." படியிறங்கிப் போய்விட்டாள்.

காரெட்டும் ஹில்டாவும் அக்கரை ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு களஞ்சியச் சுவரில் வளையம் அடித்து, இடது கையால் எறியப் பழகினான் காரெட். அடுத்த குளிர்காலத்தில் அந்த ஊர் அணிக்காக எங்கள் கூடத்துக்கே ஆட வந்தான். கிழக்கு மூலை எப்போதோ சரியாகியிருந்தது. அவன் மருத்துவமனையில் கிடந்த வாரமே தைத்துவிட்டார்கள். அரை மணி நேர வேலை!

ஆட்டத்துக்கு முன் பிராட் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்த மொண்டிக் கையிலயே அடி."

அடித்தேன். என் வேலை போய்விடுமே என்று அடித்தேன். ஜனம் கத்தியது: "டேய் குடிகாரா, மிச்ச விரல எங்கடா விட்ட?"

காரெட் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றான். "இன்னும் நல்லா அடிடா. நீ அடிக்கிற ஒவ்வொண்ணும் எனக்கு ஒரு புள்ளி."

பத்தொன்பது எறி எறிந்தான். பதினேழு விழுந்தன. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஜனத்துக்கு முன் பெருந்தன்மை காட்ட நினைத்தாரோ என்னவோ, பிராட் வலைக்குள் வந்து கையை நீட்டினார்.

காரெட் வலது கையை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "எந்த விரலப் புடிப்பீங்க, சார்?"

பிராட்டின் கை அப்படியே நின்றது. காரெட் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தான்.

இன்னும் ஐந்து வருடம் ஆடினான். பிறகு முழங்கால் போய், ரயில் இஞ்சின் ஆலையில் சேர்ந்தான். ஒருநாள் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். ஓடிப்போய், "காரெட், அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்டா," என்றேன்.

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்றான். ரயில் வந்தது. நான் ஏறிய பெட்டியில் அவன் ஏறவில்லை.