அப்பாவுக்கு மிஞ்சிய ஒரு சொல்

அட்வெந்து ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணுகிறவர் அப்பாதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில் ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி, சவுக்குக் கொத்துகளை வட்டமாகச் செருகி, நடுவில் நான்கு மெழுகுவத்திகளை நிறுத்துவோம். ஊதா வத்தி கடையில் கிடைக்காது. வெள்ளை வத்தியின் அடியில் ஊதாக் காகிதம் சுற்றுவது அம்மாவின் வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றிக்கொண்டு போவோம். ஏற்றுவது தம்பி, வேதம் வாசிப்பது நான். அதன் பிறகு அப்பா கண்ணை மூடினால் எப்போது திறப்பார் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு அம்மாளின் மூட்டுவலியிலிருந்து மழையில் சாய்ந்த நெல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் மன்றாடுவார். தம்பி ஒற்றைக் கண்ணைத் திறந்து மெழுகு வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அம்மா வாய்விட்டு ஜெபம் பண்ணியதே கிடையாது. திருவதிகையில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். சபையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவாள். ஜெபம் என்றால் மட்டும், "அதெல்லாம் அவரு பாத்துப்பாரு" என்று நகர்ந்துவிடுவாள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், அட்வெந்து தொடங்க இருந்த வாரத்தில், காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த அப்பா அப்படியே சுவரோடு சரிந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. நான் அப்போது கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. தம்பி சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பார்த்துவிட்டு, "லேட் பண்ணாம சிதம்பரம் கொண்டு போயிருங்க" என்றார்கள். நல்ல மழை. புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையில் தண்ணீர் நின்றது. ஆம்புலன்ஸ் ஊர்ந்தது. அப்பாவின் முகத்தில் காய்ந்திருந்த சோப்பை அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. முதல் அட்வெந்து ஞாயிறு வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து, நான் கரண்டியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது அப்பா தெளிவாக, "வேணாம்" என்றார்.

அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "பேசிட்டாரு! இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

"வேணாம்" என்றார் அப்பா. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம். கஞ்சியைத் தள்ளி வைத்தேன். அவர் இடது கையை அந்தக் கிண்ணத்தை நோக்கி நீட்டினார். நான் திரும்ப எடுத்து ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் "வேணாம், வேணாம்" என்று சொல்லியபடி முழுவதையும் சாப்பிட்டார். அப்போதுதான் எங்கள் சிரிப்பு நின்றது.

தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதுதான். என் பெயர் என்ன என்றாலும் அதுதான். டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது, சிலருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கிவிடும், அவர் எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வரும், அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தலையாட்டுவதையும் நம்ப முடியாது என்றார்.

அவர் போனதும் அம்மா என்னிடம் மெல்லக் கேட்டாள். "எத்தினி வார்த்த பேசுன மனுசன். தங்குறதுக்கு வேற வார்த்தயே கெடைக்கலியா?"

இரண்டாவது ஞாயிறு தம்பி சென்னையிலிருந்து கடலூர் வீட்டுக்குப் போய், ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். வார்டில் நெருப்பு வைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஏற்றாத வத்தியை மருந்து மேஜையில் நிறுத்தினோம். யார் ஜெபம் பண்ணுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் நான் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் அப்பா, "வேணாம்... வேணாம்... வேணாம்" என்று குரலை உயர்த்தினார். ஜெபத்தை நிறுத்துவதா முடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வேகவேகமாக முடித்தேன்.

"பாடிப் பாரு அக்கா. பேச வராதவங்களுக்குக் கூடப் பாட்டு வரும்னு சொல்றாங்க" என்றான் தம்பி. அப்பாவுக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தணிந்த குரலில் பாடினோம். பக்கத்துக் கட்டிலில் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த பரங்கிப்பேட்டை அம்மாள், எங்களுக்காகத் தன் ரேடியோவை அணைத்தார். அப்பாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. இரண்டாம் சரணத்தோடு விட்டுவிட்டோம்.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் போதகர் கடலூரிலிருந்து வந்தார். அப்பாவுக்குத் திருவிருந்து கொடுக்கச் சின்னப் பெட்டியில் அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்திருந்தார். வாசிப்பு முடிந்து, அப்பத்தை எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனார்.

"வேணாம்."

போதகரின் கை நின்றது. "அண்ணே, ஆண்டவருடைய பந்தி. வாங்கிக்கிறீங்களா?"

"வேணாம். வேணாம்."

"ஐயா, அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வருது" என்றேன்.

"டாக்டரும் சொன்னாரும்மா. இருந்தாலும்..." போதகர் அப்பாவின் முகத்தையே பார்த்தார். "அண்ணே, வேணும்னா தலைய ஆட்டுங்க." அப்பா தலையை மேலும் கீழும் ஆட்டினார். பிறகு இடமும் வலமும் ஆட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா முன்னால் வந்தாள். "ஐயா, பசிக்குதான்னு கேட்டாலும் இதத்தான் சொல்றாரு. சோறு ஊட்டாமலா இருக்கோம்?"

போதகர் நல்ல மனிதர். அவர் முகம் வேர்த்துவிட்டது. "சோறு வேறம்மா. இது மனசோட வாங்கிக்கணும். அவரு வேணாம்னு சொல்றப்ப நான் வாயில வச்சேன்னு இருக்கக் கூடாது பாருங்க. அடுத்த வாட்டி பாக்கலாம்." அப்பத்தைப் பெட்டியில் திரும்ப வைத்து மூடினார். ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னால் ஓடிப்போய் என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தின் மேல் குனிந்தாள். "என்னாங்க, நெசமாவே வேணாமா?"

"வேணாம்" என்றார் அப்பா.

நான்காவது ஞாயிற்றுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் அப்பாவின் கட்டில். தம்பி தாம்பாளம் எடுத்து, நான்கு வத்தியையும் ஒரே நாளில் ஏற்றினான். நான் வாசித்து முடித்தேன். திடீரென்று அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினாள்.

"சாமி, எனக்கு இதெல்லாம் வராது. அவரு வேணுங்கறாரா வேணாங்கறாரான்னு எனக்குப் புரியல. கூடவே இருக்கற எனக்கே புரியல. உனக்காச்சும் புரிஞ்சாச் சரி." ஆமென் சொல்ல மறந்து எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அப்பா மூன்று வருஷம் இப்படியே இருந்தார். சபைக்கு வேறு போதகர் வந்தார். அவர் எதையும் கேட்கவில்லை; நேரே அப்பத்தை ஊட்டினார். அப்பா அதை மென்று விழுங்கிவிட்டு "வேணாம்" என்றார். அம்மா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அப்பாவுக்குக் கோபமோ விரக்தியோ வந்து, உண்மையாகவே வேண்டாமென்று சொன்ன நாட்களும் இருந்திருக்கும். அவை எவை என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழியே இல்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், அட்வெந்துக்குச் சற்று முன்னால், அவருக்கு விழுங்குவதும் நின்றது. மறுபடி சிதம்பரம், மறுபடி மழை. மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார் இளம் டாக்டர். அவருக்கு அப்பாவின் கதை தெரியாது. நேரே அப்பாவிடமே குனிந்து, "ஐயா, டியூப் போடலாமா?" என்று கேட்டார்.

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "வேணாம்" என்றார்.

டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "வேணாங்கறாரே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரு எல்லாத்துக்கும் அதத்தான் சார் சொல்வாரு. போடுங்க" என்று நான் சொன்னேன்.

குழாயை உள்ளே விடும்போது அப்பா இடது கையால் அதைப் பிடித்தார். பிடித்துத் தள்ளினாரா, வலியில் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கையை அம்மாதான் விரல் விரலாகப் பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷத்தின் முதல் அட்வெந்து ஞாயிறு வரைக்கும் அவர் இருந்தார். அடுத்த வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.